பழைய சுருட்டா, புதுச் சுருட்டா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டே இருந்த வாத்தியார்தானே என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு பழைய மாணவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அழகான மரப்பெட்டி. உள்ளே வரிசையாகச் சுருட்டுகள். கூடவே ஒரு செய்தி.

"சார், இது கியூபா சுருட்டு. அஞ்சு வருஷம் பழசுன்னு கடைக்காரர் சொல்றார். விலையும் அதுக்கேத்த மாதிரிதான். தை மாசம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அவர் எப்பவாவது ஒரு சுருட்டு பிடிப்பார், உங்களுக்கே தெரியும். ஊர்ல கிடைக்கிற புதுச் சுருட்டைவிடப் பழசுதானே நல்லது? காரம் இருக்காது, கெடுதலும் கம்மியாத்தானே இருக்கும்? நீங்க கெமிஸ்ட்ரி சார், உங்களைக் கேட்டா சரியா இருக்கும்னு கேக்கறேன்."

அவருக்கு ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வி எங்கள் வீட்டுத் திண்ணையில் இருபது வருஷம் நடந்த சண்டை. அந்தச் சண்டையில் நானும் ஒருமுறை தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். தப்பான தீர்ப்பு. அதனால் எல்லாருக்குமாக எழுதுகிறேன். தம்பி, உன் பெயரைப் போடவில்லை, கவலைப்படாதே.

தம்பி ஒரே வரியில் இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறார். பழைய சுருட்டு ருசியாக இருக்குமா என்பது ஒன்று. பழைய சுருட்டில் கெடுதல் குறைவா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில், ஆமாம். இரண்டாவதற்கு என் பதில், இல்லவே இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் ஆபத்து.

என் அப்பா நாகூரில் ஒரு நெல் மண்டியில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். கொஞ்சம் நிலமும் இருந்தது. வருஷச் சாப்பாட்டுக்கு நெல் வரும். கூடத்தில் ஒரு பத்தாயம். சாயங்காலம் மண்டியிலிருந்து வந்து, கைகால் கழுவிக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து ஒரு சுருட்டு. ஒரு நாளைக்கு அந்த ஒன்றும், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்றும்தான்.

அவருக்கு எதிர்த் திண்ணையில் உட்காருபவர் மரைக்காயர் மாமா. ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். பர்மா அரசாங்கம் கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டபோது, 1964-இல் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். சபர் போய் வந்தவர் என்பதால் அவர் பேச்சில் எப்போதும் ரங்கூன் இருக்கும். அங்கே பொம்பளைகள்கூடக் கைநீளச் சுருட்டைப் பிடித்துக்கொண்டு சந்தையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவர் சொல்லும்போது நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம். பர்மாச் சுருட்டின் மேலுறை புகையிலையே இல்லை, வேறொரு மரத்தின் இலை. உள்ளே புகையிலையோடு அதன் காம்புத் துண்டுகளும் இருக்கும். காரம் குறைவு, சுருட்டியவுடனே பிடிப்பது. அதே பழக்கத்தில், இங்கேயும் வேதாரண்யம் பக்கத்திலிருந்து வரும் இலையை வாங்கிக் காலையில் தானே சுருட்டி, சாயங்காலம் பிடித்துவிடுவார்.

அப்பா அதற்கு நேர் எதிர். திருச்சி உறையூர்ச் சுருட்டுத்தான் வேண்டும். அதையும் வாங்கியவுடனே பிடிக்க மாட்டார். ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி, வாயைத் துணியால் கட்டி, பத்தாயத்து நெல்லுக்குள் புதைத்து வைப்பார். ஒரு வருஷமாவது ஆக வேண்டும்.

"மீனும் சுருட்டும் அன்னன்னிக்கு இருக்கணும் கணக்கப்புள்ளை," என்பார் மரைக்காயர் மாமா.

"அரிசியும் சுருட்டும் பழசாகணும் மரைக்காரே," என்பார் அப்பா.

நாகூர் ஒரு பக்கம் கடலைப் பார்க்கிற ஊர், இன்னொரு பக்கம் வயலைப் பார்க்கிற ஊர். இரண்டு திண்ணையிலும் அதுதான் பேசிக்கொண்டது என்று இப்போது தோன்றுகிறது. ஒரு நாளும் தீர்ந்ததில்லை. கந்தூரிக் கூட்டத்தில்கூட இருவரும் இதைப் பேசிக்கொண்டே நடப்பார்கள்.

ருசி விஷயத்தில் அப்பா சொன்னதுதான் சரி. உலகத்தில் சுருட்டை ரசித்துப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் அவர் பக்கம்தான் நிற்பார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

பச்சைப் புகையிலையைப் பறித்துக் காயவைத்தால் மட்டும் அது சுருட்டு இலை ஆகிவிடாது. காய்ந்த இலையைச் சற்றே ஈரப்படுத்தி, அம்பாரமாக அடுக்கிப் புழுங்க விடுவார்கள். வைக்கோல் போர் ஈரமாக இருந்தால் உள்ளே சுடுமே, அதே போலத்தான். சூடு ஏற ஏற, போரைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி மறுபடி அடுக்குவார்கள். இப்படிப் பல தடவை. அப்போது இலையில் உள்ள புரதமும் மற்ற நைட்ரஜன் பொருள்களும் உடைந்து அம்மோனியா வாயுவாக வெளியே போகும். புகையிலைக் கிடங்குக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், கண்ணில் தண்ணீர் வரும், மூக்கு எரியும். அது அம்மோனியாவின் வேலை.

சுருட்டாகச் சுருட்டுவதற்கு இலையை மறுபடி நனைத்து மிருதுவாக்க வேண்டும். ஈரம் பட்டவுடன் நின்றிருந்த புழுக்கம் மெல்ல மறுபடி தொடங்கும். ஆகவே புதிதாகச் சுருட்டிய சுருட்டில் சில வாரம், சில மாதம் அந்த அம்மோனியா நெடி இருக்கும். தொண்டையைக் கமறும். கியூபாவில் சுருட்டுகிற மேசையிலிருந்து எடுத்து அன்றைக்கே பிடிப்பவர்களும் உண்டு. ஒன்று சுருட்டிய சூட்டோடு பிடி, இல்லாவிட்டால் ஒரு வருஷம் கழித்துப் பிடி, நடுவில் தொடாதே என்பது அவர்கள் கணக்கு. அந்தக் காலத்து லண்டன் வியாபாரிகள் பெட்டிகளை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்துதான் நல்ல வாடிக்கையாளருக்குக் கொடுத்தார்கள். ஆக மரைக்காயர் மாமாவின் அன்றன்றைய சுருட்டுக்கும் ஒரு நியாயம் இருந்தது, அப்பாவின் டின்னுக்கும் ஒரு நியாயம் இருந்தது.

பழசாக்குவதும் சும்மா போட்டுவைப்பது இல்லை. காற்றின் ஈரம் 65 முதல் 70 சதவீதம் அளவில் நிற்க வேண்டும். குறைந்தால் இலை நொறுங்கும்; வாசனை எண்ணெய் பறந்துபோய்ச் சப்பென்று ஆகிவிடும். கூடினால் பூசணம். நம் நாகூர்க் கடற்காற்றில் ஐப்பசி, கார்த்திகையில் செருப்பே பூசணம் பிடிக்கும், சுருட்டு எம்மாத்திரம்? பணக்காரர்கள் இதற்காகவே 'ஸ்பானிஷ் சீடர்' என்ற மரத்தில் பெட்டி செய்து, உள்ளே ஈரமானி வைக்கிறார்கள். அப்பாவிடம் இருந்தது நெல். நன்றாகக் காய்ந்த நெல், தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தை ஏறக்குறைய அந்த 70 சதவீதத்தை ஒட்டியே நிறுத்தி வைக்கும். இதை நான் கல்லூரி முடித்த பிறகு கணக்குப் போட்டுப் பார்த்து அசந்துபோனேன். எந்தக் கருவியும் இல்லாமல் என் அப்பா பத்தாயத்தில் அதைச் செய்திருந்தார்.

ஒரு தடவை ஏமாந்தும் போனார். டின்னைத் திறந்தால் சுருட்டெல்லாம் ஊசியால் குத்தினாற்போல் ஓட்டை ஓட்டையாக இருந்தது. சின்னச் சிவப்பு வண்டு. புகையிலையில் விழும் வண்டு அது. 24 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் முட்டை பொரியத் தொடங்கும் என்கிறார்கள். நம் ஊரில் 24 டிகிரிக்குக் கீழே இருப்பது மார்கழிப் பனியில் சில ராத்திரிதான். அன்றைக்கு மரைக்காயர் மாமா சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. "கணக்கப்புள்ளை, உம்ம சுருட்டைப் பழசாக்கினது நீர், புடிச்சது வண்டு!"

உறையூர்ச் சுருட்டு என்றால் ஏதோ சில்லறைக் கடைச் சரக்கு என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கலாம். ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அந்தச் சொல்லே நம் 'சுருட்டு'தான். திண்டுக்கல் பக்கத்துப் புகையிலை, உறையூர்க் கை. அது 'டிரிச்சினாப்பள்ளி' என்ற பெயரோடு கப்பலேறி இங்கிலாந்து வரை போனது. ஷெர்லாக் ஹோம்ஸ் வருகிற முதல் கதை 1887-இல் வெளிவந்தது. அதில் கொலை நடந்த அறையில் கிடக்கும் சாம்பலைப் பார்த்தே இது டிரிச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று அவர் சொல்லிவிடுவார். சர்ச்சில் பிடித்ததும் எங்கள் சுருட்டுத்தான் என்று உறையூரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். கடல் கடந்து யாழ்ப்பாணத்திலும் சுருட்டு பெரிய தொழில். யாழ்ப்பாணத்தார் இலங்கையின் தெற்கே போய்ச் சுருட்டுக்கடை வைத்தே வாழ்ந்த காலம் உண்டு. நம் கிராமங்களில் கருப்புசாமிக்கும் முனீஸ்வரனுக்கும் சுருட்டுப் படைக்கிறோம். அதன் வயதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

இவ்வளவு சொல்வது, சுருட்டை நான் வெறுப்பவன் இல்லை என்பதற்காக. அதில் கைத்திறன் இருக்கிறது, ஒரு ஊரின் பெயர் இருக்கிறது, என் அப்பாவின் சாயங்காலம் இருக்கிறது. இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

1979. எனக்கு 26 வயது. ஆசிரியராகச் சேர்ந்து இரண்டு வருஷம். அந்த வருஷம் தொடக்கத்தில் அப்பாவின் இடது கன்னத்து உட்புறத்தில் ஒரு வெள்ளைப் படலம் இருப்பதை அம்மா பார்த்தாள். வலி இல்லை, எரிச்சல் இல்லை. உள்ளூர் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "சுருட்டை நிறுத்திடுங்க, படலம் தானாப் போகுதான்னு பார்ப்போம்," என்றார். அப்பாவும் நிறுத்தினார். நம்ப மாட்டீர்கள், நிஜமாகவே நிறுத்தினார். ஒரு மாதம் திண்ணையில் வெறும் வாயோடு உட்கார்ந்திருந்தார். மரைக்காயர் மாமாவும் மரியாதைக்காக அவர் எதிரில் பிடிக்காமல் இருந்தார்.

அந்தச் சமயம் விடைத்தாள் திருத்த நான் திருச்சி போனேன். கையில் முதல்முறையாகக் கொஞ்சம் பணம். உறையூருக்கு நடந்து போய் ஒரு பழைய கடையில் விசாரித்தேன். கடைக்காரர் உள்ளே போய் ஒரு கட்டு எடுத்து வந்தார். இரண்டு வருஷத்துச் சரக்கு என்றார். முகர்ந்து பார்த்தேன். நெடியே இல்லை. காய்ந்த வைக்கோலும் வெல்லமும் கலந்த மாதிரி ஒரு வாசனை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

அம்மா முறைத்தாள். அப்பா தயங்கினார். நான் சொன்னேன்: "டாக்டர் நிறுத்தச் சொன்னது காரச் சுருட்டைப்பா. இது பழசு. அம்மோனியா எல்லாம் போயிடுச்சு. இதுல கெடுதல் கிடையாது. அதோட நீங்க புகையை உள்ளேயா இழுக்கறீங்க?"

அந்த வாக்கியத்தை நான் எத்தனை ராத்திரி திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை.

அப்பாவுக்கு அது போதும். மரைக்காயர் மாமாவிடம் பெருமையாகச் சொன்னார்: "என் புள்ளை கெமிஸ்ட்ரி வாத்தியாரு. அவனே சொல்லிட்டான்." திண்ணைச் சண்டையில் அப்பா ஜெயித்தது அன்றைக்குத்தான். ஜெயிக்க வைத்தவன் நான்.

1983-இல் ரசம் சாப்பிட்டால் எரிகிறது என்றார். பிறகு வாய் திறக்கக் கஷ்டப்பட்டார். சென்னையில் காட்டினோம். கன்னத்தில் புற்றுநோய். அறுவை, கதிர்வீச்சு எல்லாம் பார்த்தோம். 1986 பங்குனியில் போய்விட்டார். வயது 66. என் மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

நான் வாங்கி வந்த கட்டுத்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார், எனக்கும் தெரியும். அதற்கு முன் நாற்பது வருஷம் பிடித்தவர். ஆனால் நிறுத்தியிருந்த மனிதரை மறுபடி தொடங்க வைத்தது நான். அதுவும் ரசாயனத்தின் பெயரைச் சொல்லி.

நான் சொன்னதில் எங்கே தப்பு? வாத்தியாராகவே சொல்கிறேன், மூன்று இடத்தில் தப்பு.

முதலாவது, பழசாகும்போது போவது அம்மோனியாவும் கமறலும். நிக்கோட்டின் கொஞ்சம் குறையலாம், போய்விடாது. எரித்தால் வருகிற தாரும் கார்பன் மோனாக்சைடும் இலையின் வயதைப் பார்த்து வருவதில்லை. நேற்றைய இலையை எரித்தாலும் வரும், ஐந்து வருஷத்து இலையை எரித்தாலும் வரும்.

இரண்டாவது, இது எனக்கு அப்போது தெரியாதது. புகையிலையில் நைட்ரோசமைன் என்று ஒரு வகைப் பொருள்கள் உண்டு. பச்சை இலையில் அவை அநேகமாக இருக்காது. இலையைக் காயவைக்கும்போதும், புழுங்க வைக்கும்போதும், சேமித்து வைக்கும்போதும்தான் நிக்கோட்டினும் அதன் உறவுப் பொருள்களும் நைட்ரைட்டோடு சேர்ந்து அவை உண்டாகின்றன. அந்தப் புழுக்கத்தைச் செய்கிற நுண்ணுயிர்களே நைட்ரைட்டையும் தருகின்றன. 1970-களிலேயே ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுபிடித்திருந்தார்கள். நாகூர் வாத்தியாருக்கு அது வந்து சேரவில்லை. இவற்றில் முக்கியமான இரண்டை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. சூடானில் நன்றாகப் புளிக்க வைத்து வாயில் அடக்கும் ஒரு புகையிலை உண்டு. அதில் இவற்றின் அளவு மிகமிக அதிகம். ஸ்வீடனில் அதே மாதிரி வாயில் வைக்கும் புகையிலையை நீராவியில் சூடாக்கி நுண்ணுயிரைக் கொன்று, குளிர்பெட்டியில் வைத்து விற்கிறார்கள், அதில் குறைவு. அதற்காக ஸ்வீடன் சரக்கு நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். குறைவு என்றுதான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. எந்த வேலை சுருட்டுக்கு மணத்தைக் கொடுக்கிறதோ, அதே வேலை இந்த நஞ்சையும் கொடுக்கிறது என்பதற்காகத்தான் இந்த இரண்டு நாட்டையும் சொன்னேன்.

மூன்றாவது, "நீங்க புகையை உள்ளேயா இழுக்கறீங்க?" என்று கேட்டேனே, அது. சிகரெட் புகை பொதுவாக அமிலத் தன்மை கொண்டது. நுரையீரலுக்குப் போனால்தான் நிக்கோட்டின் நன்றாக ஏறும். சுருட்டுப் புகை காரத் தன்மை கொண்டது. காரம் என்றால் மிளகாய்க் காரம் அல்ல, பத்தாம் வகுப்பில் லிட்மஸ் தாளை நீலமாக்கிக் காட்டினேனே, அந்தக் காரம். அந்த நிலையில் நிக்கோட்டின் கன்னத்துத் தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறும். உள்ளே இழுக்காமலே பழக்கம் பிடித்துக்கொள்ளும். புகையை வாயில் வைத்துச் சுழற்றி ருசிப்பவருக்கு, அதன் நஞ்சு முழுவதும் முதலில் படுவது வாயில்தான். ஆந்திரக் கடற்கரையில் சில ஊர்களில் பெண்கள் சுட்டாவின் நெருப்பு முனையையே வாய்க்குள் வைத்துப் பிடிக்கும் வழக்கம் உண்டு. அவர்களுக்குப் புற்று மேலண்ணத்தில் வந்ததை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இந்த மூன்றையும்விடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அது ரசாயனத் தப்பு இல்லை, நம் வீட்டுத் தப்பு. நமக்குப் 'பழசு' என்றால் ஒரு நம்பிக்கை. டெல்டாக்காரர்களுக்கு இன்னும் கூடுதல். புது அரிசி குழையும், வயிறு மந்தமாகும். ஆறு மாதம், ஒரு வருஷம் போன அரிசி தண்ணீரை நன்றாக இழுத்து உதிரி உதிரியாக வேகும். பொங்கலுக்குத்தான் புதுசு, விருந்துக்குப் பழசு. காய்ச்சல்காரனுக்குப் பழைய அரிசிக் கஞ்சி, பத்தியத்துக்குப் பழைய புளி. இதெல்லாம் அனுபவத்தில் கண்டது, நான் மறுக்கவில்லை. அந்த அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொண்டுபோய்ச் சுருட்டின் மேல் ஒட்டவைத்ததுதான் தவறு. அதே வீட்டில் பழைய நல்லெண்ணெய் காறிப்போகிறது, பழைய வேர்க்கடலையில் பூசணம் பிடித்து நஞ்சாகிறது. அதையெல்லாம் நாம் தூக்கிப் போடவில்லையா? காலம் ஒரு பொருளை என்ன செய்கிறது என்பதை அந்தந்தப் பொருளிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் தோன்றுகிறது. மரைக்காயர் மாமாவின் புதுச் சுருட்டு தொண்டையைக் கமறும். இருமுவார், கண்ணைத் துடைப்பார், பாதியில் அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அப்பாவின் சுருட்டு கமறாது. கடைசி அங்குலம் வரை இனிமையாக இருக்கும். கமறல் என்பது உடம்பு போடும் சத்தம். அதை அடக்கிவிட்டோம், உடம்பு சொல்ல வந்த விஷயம் அப்படியே இருந்தது.

மரைக்காயர் மாமா 80 தாண்டி இருந்தார். ஆகவே புதுச் சுருட்டு பிடித்தால் ஆயுசு கெட்டி என்று யாராவது கமெண்டில் எழுதினால், பழைய மாணவர் என்றும் பார்க்காமல் பெஞ்சு மேல் நிற்க வைப்பேன். இரண்டு திண்ணையை வைத்துப் புள்ளிவிவரம் எடுக்கக்கூடாது. புதுசும் புகையிலைதான்.

அப்பா போன பிறகு அவர் சாயங்காலம் வந்து அதே இடத்தில் உட்காருவார். சுருட்டுப் பிடிக்க மாட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கருமாதி முடிந்து பத்தாயத்தைத் துழாவியபோது டின் கையில் பட்டது. உள்ளே ஏழு சுருட்டுகள். துணியை அவிழ்த்ததும் வந்த வாசனை எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. என் வாழ்க்கையில் முகர்ந்த நல்ல வாசனைகளில் அதுவும் ஒன்று. பொய் சொல்ல விரும்பவில்லை. நாற்றமடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெட்டாற்றங்கரையில் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தேன்.

தம்பி, இனி உனக்கு.

அந்தப் பெட்டியின் விலைக்கு நீ சொன்னது நிஜம்தான். சரியாக வைக்கப்பட்டிருந்தால் ஐந்து வருஷச் சுருட்டு புதியதைவிட மணமாக, மிருதுவாக இருக்கும். ருசிக்காக மட்டும் கேட்டிருந்தால், பழசுதான் என்று சொல்லி முடித்திருப்பேன். நீ கெடுதல் குறைவா என்று கேட்டாய். குறைவு இல்லை. உன் அப்பா பெரிய மனிதர். பிடிப்பதும் விடுவதும் அவர் இஷ்டம். ஆனால் 'இது பழசுப்பா, ஒண்ணும் செய்யாது' என்ற வாக்கியத்தைப் பெட்டியோடு சேர்த்து நீ கொடுக்காதே. எப்பவாவது ஒன்று பிடிப்பவர் கையில் ஒரு பெட்டி நிறைய இருந்தால், அது தினம் ஒன்று ஆகும். மகன் வாங்கிக் கொடுத்தது என்றால், வேண்டாம் என்று நினைக்கிறவர்கூட அதற்காகவே பிடிப்பார். அப்பாக்கள் அப்படித்தான்.

இன்னும் வாங்கவில்லை என்றால் விட்டுவிடு. வாங்கிவிட்டாய் என்றால் கடையில் திருப்பிக் கேட்டுப் பார். அறுபதாம் கல்யாணத்துக்கு வரும்போது, இரண்டு நாள் முன்னாலேயே வந்து அவரோடு திண்ணையில் உட்காரு. நீங்கள் எல்லாரும் சபர் போனபிறகு ஊரில் திண்ணைகள் சும்மாதான் கிடக்கின்றன. வந்த கையோடு ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துப் போய் வாயைக் காட்டு. கன்னத்தின் உள்ளே வெள்ளையாகவோ சிவப்பாகவோ படலம், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் திறப்பதில் இறுக்கம், இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடக்கூடாது. வலி இல்லை என்பதை நம்பாதே. எங்கள் வீட்டிலும் வலி இல்லை.

நிறுத்த நினைப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், மத்திய அரசின் இலவச எண் 1800 112 356. கூப்பிட்டால் வழி சொல்வார்கள். எந்த வயதில் நிறுத்தினாலும் உடம்புக்கு லாபம்தான். என் அப்பா 59 வயதில், யார் உதவியும் இல்லாமல், ஒரு மாதம் நிறுத்திக் காட்டியவர். அந்த ஒரு மாதத்தை நான் மறக்கவே மாட்டேன்.

அந்த பிஸ்கட் டின் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. துருப்பிடித்தாலும் மூடி நன்றாக மூடுகிறது. இப்போது என் மனைவி அதில் பழைய புளி போட்டு வைத்திருக்கிறாள். புளி பழசாகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

உங்கள் வீட்டுத் திண்ணையில் சுருட்டுப் பிடித்த தாத்தா, மாமா, சித்தப்பா யாராவது இருந்தால் அவர்களைப் பற்றி எழுதுங்கள். படிக்க ஆசையாக இருக்கிறது. பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். ரசாயனத்தில் பிழை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

எல்லாரும் நலமாக இருங்கள்.

உங்கள் கெமிஸ்ட்ரி சார்,
நாகூர்